வீகனுக்கு மாறி ஒன்பது வாரம், எடை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

அரைவயிறு:
பால், தயிர், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டு ஒன்பது வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரத்தில் 2 கிலோ இறங்கியது, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அதோடு சரி, அப்புறம் நகரவே இல்லை, போன வாரம் அரை கிலோ ஏறியே விட்டது. வெளியில் சாப்பிடுவதும் கிடையாது. காலையில் ஓட்ஸ், அதில் ஒரு கை பாதாம், கொஞ்சம் நிலக்கடலை வெண்ணெய். மதியம் சோறும் காயும் அளவாகத்தான். சாயங்காலம் பசித்தால் வீகன் பிஸ்கட். ராத்திரி வெறும் சாலட். இதில் எது எடை போடுகிறது? நேராகச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

கணக்குப்புலி:
திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை, நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். "ஒரு கை", "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது வினை. பாதாம் 28 கிராம், அதாவது எண்ணினால் 23 பருப்பு, கிட்டத்தட்ட 165 கலோரி. என் "ஒரு கை"யை ஒருநாள் தராசில் கொட்டினேன், 50 கிராமைத் தாண்டியது. நிலக்கடலை வெண்ணெய் 2 மேசைக்கரண்டிக்கு 190. சாலட்டில் எண்ணெய் ஊற்றுவீர்கள் என்றால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120. கொழுப்பு என்றால் கிராமுக்கு 9 கலோரி, மாடு கொடுத்ததா மரம் கொடுத்ததா என்று உடம்பு விசாரிக்காது.

அந்த முதல் 2 கிலோவையும் ரொம்ப நம்பாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரையும், அதில் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். பாதிக்கு மேல் தண்ணீராகக்கூட இருந்திருக்கலாம்.

பயறுப்பிரியை:
கணக்கு சரி. ஆனால் ராத்திரி வெறும் சாலட் சாப்பிட்டுவிட்டு எத்தனை நாளைக்குப் பாதாமை எண்ணிக்கொண்டிருக்க முடியும்? நீங்கள் எழுதியதில் பருப்பு, பயறு, டோஃபு எதுவுமே இல்லையே, புரதம் எங்கிருந்து வருகிறது? வேகவைத்த மசூர்ப் பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம் புரதம், 15 கிராம் நார்ச்சத்து, கலோரி 230தான். அதை மதியம் சாப்பிட்டுப் பாருங்கள், சாயங்காலம் பிஸ்கட் ஞாபகம் வருகிறதா என்று.

2021இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 20 பேர், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் கீட்டோ, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். தாவர உணவு சாப்பிட்டபோது கீட்டோவைவிட ஒரு நாளைக்கு 690 கலோரி அளவு தானாகவே குறைத்துச் சாப்பிட்டார்கள். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அது கொழுப்பு குறைந்த தாவர உணவு, நிலக்கடலை வெண்ணெயில் மிதக்கிற ஓட்ஸ் இல்லை :)

அரைவயிறு:
தராசு எடுத்தேன். என் "கொஞ்சம்" நிலக்கடலை வெண்ணெய் 47 கிராம், கரண்டியை நக்கியது கணக்கில் சேராது. பாதாம் 41. ஆக ஓட்ஸுக்கு முன்னாலேயே 500 கலோரி! பிஸ்கட் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன், முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, மூன்றாவது பாமாயில். முன்பக்கத்தில் வீகன் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

சோயாபால்:
எடை இருக்கட்டும், வைட்டமின் பி12 எடுத்துக்கொள்கிறீர்களா? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், தாவர உணவை மட்டும் நம்பினால் கிடைக்காது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவது சில வருடம் தெரியாமலே ஓடும், தெரியும்போது கைகால் மரத்துப்போவதாகத் தெரியும். மாத்திரை எடுங்கள், இல்லையென்றால் பி12 சேர்த்த பானம் ஏதாவது. பாதாமைக் குறைத்தாலும் இதில் கைவைக்காதீர்கள்.

அரைவயிறு:
எடுக்கவில்லை, இப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். பருப்பு ஊறப் போட்டாயிற்று. பாதாம் டப்பா மேல் தட்டுக்கு ஏறிவிட்டது, ஸ்டூல் போட்டால்தான் கைக்கு எட்டும்.