ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் லேப் குழு: மலை மேல புத்தகக் கணக்கு

[சனி, மாலை 5:40]

நித்யா: செல்வி அக்கா, ஒரு சந்தேகம். பிராக்டிகலுக்குப் பழகலாம்னு ஊட்டில ஸ்மியர் (ஸ்லைடுல மெல்லிசா இழுத்துச் சாயம் ஏத்தின ரத்தம்) போட்டுப் பார்க்கறேன். கோயமுத்தூர் காலேஜ்ல போட்டா அழகா வருது. இங்க ஆர்பிசி (சிவப்பணு) நடுவுல எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு. ஹைப்போகுரோமிக்னு (நிறம் குறைஞ்ச செல்னு) எழுதலாமா?

நித்யா: 📷 படம்

செல்வி அக்கா: எழுதிடாத! ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட்டை லேசா முன்ன பின்ன திருப்பு. ஓட்டை மின்னுதா?

நித்யா: ஆமாக்கா, பளிச்சுனு மின்னுது. ஓரமும் கத்தில வெட்டுன மாதிரி இருக்கு.

செல்வி அக்கா: அப்ப அது தண்ணி செஞ்ச வேலை. நிஜமான ஹைப்போகுரோமியால நடு வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமா ஓரத்து நிறத்தோட கலக்கும். உன் படத்துல சட்டுனு நிக்குது.

செல்வி அக்கா: காரணம் ரெண்டுல ஒண்ணு. ஸ்மியர் முழுசா காயறதுக்குள்ள ஸ்டெயின் ஊத்தியிருப்ப. இல்லன்னா ஸ்டெயின்ல இருக்கற மெத்தனால் ஈரத்தை இழுத்திருக்கும். அதுல 1 சதவீதம் தண்ணி ஏறினாலே செல் உருவம் கெட ஆரம்பிக்கும். இந்தச் சாரல்ல பாட்டில் மூடியைத் திறந்து வெச்சுட்டு வேலை செஞ்சா கேக்கவே வேண்டாம்.

நித்யா: மூடியைத் திறந்துதான் வெச்சிருந்தேன் 🙈

செல்வி அக்கா: பெரிய பாட்டிலை மேசைக்கே கொண்டு வராத. அன்னைக்கு வேணுங்கறதை மட்டும் சின்ன டிராப்பர் பாட்டில்ல வடிகட்டி எடுத்துக்க. ஸ்மியர் இழுத்த உடனே ஃபேன் முன்னாடி காட்டு, இல்ல ஹேர் டிரையர்ல சூடு இல்லாத காத்து. ஸ்பிரிட் லாம்ப் மேல காட்டற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அது வேண்டவே வேண்டாம்.

ரவி அண்ணா: லீஷ்மன் ஸ்டெயினுக்கு டைமிங் என்ன வெச்சிருக்க?

நித்யா: ஸ்டெயின் 2 நிமிஷம், அப்புறம் ரெண்டு பங்கு பஃபர் (பிஎச் மாறாம வெக்கற கரைசல்), 7 நிமிஷம்.

செல்வி அக்கா: சரிதான். அந்த முதல் 2 நிமிஷம் ஃபிக்ஸ் ஆகறதுக்கு. அதுக்குள்ள ஸ்லைடு மேல ஸ்டெயின் வத்திட்டா கருநீலப் பொடி ஒட்டிக்கும், பார்க்க பிளேட்லெட் மாதிரியே ஏமாத்தும். பஃபர் ஊத்தி ஊதிக் கலந்து விடு, மேல பொன் நிற ஏடு வரணும். இங்க அறை 14, 15 டிகிரில இருந்தா 7 நிமிஷம் பத்தாது, 10 வரைக்கும் விடு. ஆனா கடிகாரத்தை நம்பாத. நார்மல் ரத்தத்துல ஒரு ஸ்லைடு கூடவே போட்டு அதைப் பார்த்து நேரம் முடிவு பண்ணு.

நித்யா: பஃபர் தீந்துபோச்சுன்னா குழாய்த்தண்ணி?

செல்வி அக்கா: அதோட பிஎச் இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. 6.8 வேணும். அமிலம் ஏறினா ஆர்பிசி செக்கச்செவேல்னு இருக்கும், நியூக்ளியஸ் வெளுத்துடும். காரம் ஏறினா எல்லாம் நீலம், இயோசினோஃபில்ங்கற வெள்ளணுவோட துகள் கூட சாம்பல் நிறமாத் தெரியும். ஸ்மியர் தடிப்பா இருந்தாலும் நீலம் அடிக்கும், அதனால பஃபரைத் திட்டறதுக்கு முன்னாடி ஸ்மியரைப் பாரு.

[மாலை 6:15]

மஞ்சுளா: குறுக்க வர்றேன், மன்னிச்சுக்குங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. லேப் டெக்னீஷியன் படிப்புக்கு டிஎம்எல்டி (டிப்ளமோ) 2 வருஷம்னு ஒருத்தர் சொல்றாரு, பிஎஸ்சி எம்எல்டினு இன்னொருத்தர் சொல்றாரு. எது?

ரவி அண்ணா: பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்திருந்தா டிகிரிக்கே போடுங்க. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைல 3 வருஷப் படிப்பு, அப்புறம் 1 வருஷம் இன்டர்ன்ஷிப். மேற்கொண்டு எம்எஸ்சி போக வழி இருக்கும். ஒண்ணே ஒண்ணு பாருங்க: காலேஜோட சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, அதுல தினம் எவ்வளவு சாம்பிள் வருது. சாம்பிள் இல்லாத காலேஜ்ல படிச்சா சான்றிதழ் மட்டும்தான் கிடைக்கும், கை பழகாது. 2021ல மத்திய அரசு இந்தத் துறைகளுக்குத் தனிச் சட்டம் கொண்டு வந்திருக்கு, அதனால காலேஜ் அங்கீகாரத்தை இந்த வருஷக் கடிதத்துலயே கேட்டுப் பாருங்க.

மஞ்சுளா: ரொம்ப நன்றிங்க 🙏

ரவி அண்ணா: நித்யா, ஸ்மியரை விடு. வைவால நான் கேக்கற கேள்வி இது. ஆட்டோகிளேவ் (ஆவியால கிருமியைக் கொல்ற மெஷின்) எவ்வளவு பிரஷர்?

நித்யா: 15 பவுண்ட், 121 டிகிரி, 15 நிமிஷம் அண்ணா.

ரவி அண்ணா: கோயமுத்தூர்ல ஏறக்குறைய சரி. ஊட்டில?

நித்யா: அதேதானே?

ரவி அண்ணா: பிரஷர் மீட்டர் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுங்கறதை. கடல் மட்டத்துல காத்தழுத்தம் 14.7, மேல 15, மொத்தம் 29.7 பவுண்ட். அந்த மொத்தத்துக்குத்தான் ஆவி 121 டிகிரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் 11.2 கிட்ட. இங்க முள் 15ல நின்னா மொத்தம் 26.2தான். உள்ள சூடு 117 டிகிரி.

நித்யா: அய்யோ. அப்ப மீடியா (கிருமி வளர்க்கற ஊட்டம்) கெட்டுப்போகுமா?

ரவி அண்ணா: கெடாம இருந்தா அது அதிர்ஷ்டம். 121 வேணும்னா முள் 18.5 காட்டணும். அதுக்காக வால்வை முடுக்கிடாத, மெஷின்ல எழுதியிருக்கற உச்ச அழுத்தத்தைத் தாண்டக்கூடாது. பழைய குக்கர் மாதிரி மெஷின் 15க்கு மேல போகலன்னா நேரத்தை 30 நிமிஷமாக்கு. புது மெஷின் டெம்பரேச்சர் பார்த்து ஓடும், அதுல இந்தத் தொல்லை இல்ல.

ரவி அண்ணா: எது செஞ்சாலும் ஸ்போர் (சூடு தாங்கற பாக்டீரியா வித்து) போட்டுச் சோதிக்கணும். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ், 55லிருந்து 60 டிகிரில இன்குபேட். பொட்டலத்து மேல ஒட்டற டேப்ல கறுப்புக் கோடு வந்துச்சுன்னு சந்தோஷப்படாத, அது சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். ஆரம்பத்துல உள்ள இருக்கற காத்தை முழுசா வெளியேத்தலன்னாலும் முள் சரியா நிக்கும், சூடு மட்டும் ஏறாது.

செல்வி அக்கா: இதே மாதிரி ஈஎஸ்ஆர் (சிவப்பணு குழாய்ல எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்க்கற டெஸ்ட்). 18லிருந்து 25 டிகிரில பார்க்கணும். டிசம்பர்ல காலைல லேப்பே 10 டிகிரி. குளிர்ல செல் மெதுவா இறங்கும், உண்மையா 40 இருக்கறவங்களுக்குக் கூட குறைச்சுக் காட்டும். ஃபிரிட்ஜ்ல இருந்த ரத்தம்னா அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் நல்லாக் கலந்து குழாய்ல ஏத்து. ஸ்டாண்ட் நேரா நிக்குதான்னும் பாரு, 3 டிகிரி சாய்ஞ்சாலே 30 சதவீதம் வரைக்கும் கூடிடும்.

[மாலை 7:02]

போஜன் அண்ணா: நான் கூடலூர்ல இருந்து சாம்பிள் எடுத்துட்டு வர்றேன்ல. ஐஸ் பெட்டில வெச்சா பத்திரம்னு நினைச்சேன். பொட்டாசியம் ஜாஸ்தினு திருப்பி அனுப்பறாங்க.

செல்வி அக்கா: அண்ணா, சீரம் பிரிக்காத ரத்தத்தைப் பொட்டாசியத்துக்கு ஐஸ்ல வைக்கக்கூடாது. செல்லுக்குள்ள பொட்டாசியத்தைப் பிடிச்சு வெச்சிருக்கற பம்ப் குளிர்ல வேலை செய்யாது, அது வெளிய கசிஞ்சு சீரத்துல கலந்துடும். சீரம் சிவக்காது, அதனால பார்த்தாத் தெரியாது.

நித்யா: ஆனா குளுக்கோஸுக்கு குளிர் நல்லதுதானேக்கா?

செல்வி அக்கா: நல்ல கேள்வி. சும்மா அறைல வெச்சா மணிக்கு 5லிருந்து 7 சதவீதம் செல்லே தின்னுடும், குளிர் அதைக் குறைக்கும். ஃபுளோரைடு டியூப்புக்கும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் முழுப் பிடி வராது, ஏன்னா அது தடுக்கற ஈனோலேஸ்ங்கற என்சைம் குளுக்கோஸ் உடையற பாதையோட கடைசிப் பக்கத்துல இருக்கு. ஒண்ணுக்கு ஐஸ் நல்லது, இன்னொண்ணுக்குக் கெடுதல். அதனால கூடலூர்லயே பிரிச்சுடறதுதான் வழி. ஜெல் டியூப்ல எடுத்து 30 நிமிஷம் நேரா நிக்க வெச்சு உறைய விட்டு, 2 மணி நேரத்துக்குள்ள சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தணும். குளிர்ல உறையறது தாமதமாகும், பாதி உறைஞ்சதைச் சுத்தினா ஃபைப்ரின் நூல் மெஷின் ஊசியை அடைக்கும்.

போஜன் அண்ணா: சுத்திட்டு ஐஸ்ல?

செல்வி அக்கா: தாராளமா. ஐஸ் கட்டி மேல நேரா படாம துணி சுத்தி வைங்க.

ரவி அண்ணா: சுத்தறதுன்னா எவ்வளவு வேகம்னு நித்யா சொல்லட்டும் 😄

நித்யா: 3000 ஆர்பிஎம், 10 நிமிஷம்!

ரவி அண்ணா: ஆரம் சொல்லாம ஆர்பிஎம் சொன்னா மார்க் கிடையாது. 15 செ.மீ. ஆரத்துக்கு 3000ல சுமார் 1500 ஜி (புவியீர்ப்பு மாதிரி அத்தனை மடங்கு). சின்ன மெஷின்ல 10 செ.மீ.தான்னா 1000 ஜிதான் வரும்.

[இரவு 8:20]

நித்யா: கடைசியா ஒண்ணு. சிக்கிள் செல்லுக்கு (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரைக் கோளாறு) பார்க்கற சால்யுபிலிட்டி டெஸ்ட் வருமா?

செல்வி அக்கா: நீலகிரில இருந்து வர்ற பொண்ணுகிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பாங்க? இந்தியாவுல சிக்கிள் செல்லை முதல்ல 1952ல கண்டுபிடிச்சுச் சொன்னதே நீலகிரிப் பழங்குடிகள்கிட்டதான், லேமனும் கட்புஷும்.

செல்வி அக்கா: டைதயோனைட் ஆக்சிஜனை எடுத்துடும், எச்பி-எஸ் (சிக்கிள் ஹீமோகுளோபின்) கரையாம கலங்கும், டியூப் பின்னாடி வெச்ச கோடு தெரியாது. டைதயோனைட் ஈரத்துல செத்துப்போகும், இங்க அதுதான் பெரிய வம்பு. பாசிட்டிவ் கண்ட்ரோல் கலங்கலன்னா அந்த பேட்ச் ரிசல்ட் எதையும் எழுதாத.

ரவி அண்ணா: பொய் நெகட்டிவ் எப்ப வரும்?

நித்யா: ரத்தம் ரொம்பக் குறைஞ்சவங்க, 6 மாசத்துக்குள்ள குழந்தை. குழந்தைக்கு எச்பி-எஃப்தானே (சிசு ஹீமோகுளோபின்) நிறைய இருக்கும்.

ரவி அண்ணா: சபாஷ். கொழுப்பு கலந்த பிளாஸ்மா இருந்தா கலங்கலாத் தெரிஞ்சு பொய் பாசிட்டிவும் வரும்.

செல்வி அக்கா: கலங்கிடுச்சுனு 'சிக்கிள் நோய்'னு ரிப்போர்ட் எழுதிடாத. ட்ரெயிட்டும் (அந்த மரபணு ஒண்ணு மட்டும் இருக்கறது) கலங்கும், நோயும் கலங்கும். எச்பிஎல்சியோ எலக்ட்ரோஃபோரசிஸோ (ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாக் காட்டற டெஸ்ட்) பார்த்தாத்தான் பிரிக்க முடியும். எலக்ட்ரோஃபோரசிஸ்ல காரப் பஃபர் 8.6ல எச்பி-எஸ்ஸும் எச்பி-டிங்கற இன்னொரு வகையும் ஒரே இடத்துல நிக்கும், அமிலம் 6.2ல ஓட்டினா பிரியும்.

நித்யா: அதுக்கு லாவெண்டர் டியூப்தானேக்கா?

செல்வி அக்கா: ஆமா, ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்கற மருந்து) போட்டது, குறி வரைக்கும் நிரப்பு. கடந்த 3 மாசத்துல ரத்தம் ஏத்தியிருக்காங்களான்னு கேட்டு ஃபார்ம்லயே எழுதிடு. ஏத்தியிருந்தா மெஷின் காட்டறதுல பாதி அடுத்தவங்க ரத்தம்.