பரங்கிப்பேட்டை பக்கம் மனை வாங்கலாமா? கடல் ஆபத்தை எதை வைத்துக் கணிப்பது?

அஸ்தம்பட்டி_அண்ணன்:
வணக்கம். தங்கச்சியைப் பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வெள்ளாற்று முகத்துவாரம் பக்கம் 5 சென்ட் பார்த்திருக்கிறார், பாதிப் பணம் நான் தருவதாகப் பேச்சு. தரகர் "சுனாமிக்கே இங்க தண்ணி ஏறலைங்க" என்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கைபம்புத் தண்ணீர் கரிக்கிறது, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கிடக்கிறது, தொட்டால் விரலில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டுகிறது. அதிலிருந்து மனசு ஒப்பவில்லை. இன்னும் 30, 40 வருஷம் அந்த வீடு தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

ஆத்தூர்_வசிஷ்டா:
அண்ணா, கடலை மட்டும் பார்க்காதீங்க. எங்க ஊர் வசிஷ்ட நதி வெள்ளாற்றில்தான் போய்ச் சேருகிறது, நம்ம பக்கத்து மலைகளில் கொட்டுகிற மழை உங்கள் தங்கச்சி ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் கடல் மட்டமும் ஏறி நிற்கும், அந்த நேரம் ஆற்றுத் தண்ணீர் வடிய இடம் இல்லாமல் பின்னுக்குத் தள்ளும். முகத்துவாரத்து மனைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்.

ஏற்காடு_மிளகு:
கடற்கரை அளவை வேலையில் சில வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என்ன வரும், வரும் வழியில் என்ன இருக்கிறது, அடி விழுந்தால் எவ்வளவு தாங்கும், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கணக்கு. தரகர் 2004 ஒன்றை மட்டும் சொல்கிறார், கடலரிப்பும் உப்பேறுவதும் வருஷா வருஷம் நடப்பவை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவைக்கான மத்திய அரசு மையம்) கரையின் சாய்வு, நிலத்தின் உயரம், அலை, கடல்மட்ட உயர்வு எல்லாம் சேர்த்து வரைபடம் போட்டிருக்கிறது, ஆனால் அது பெரிய பரப்புக்கானது, 5 சென்ட் அதில் தெரியாது. மனைக்குக் கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்து, அதே பனைமரத்திலிருந்து கரை எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். தெற்கே எங்காவது தூண்டில் வளைவோ (மணலைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) துறைமுகமோ வருகிறதா என்றும் விசாரியுங்கள், நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர் கட்டியதும் வடக்கே கரை கரைந்துபோனது அதனால்தான். அப்புறம் சிஆர்இசட், அதாவது கரையோரம் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் மத்திய அரசு விதி. 2011 அறிவிக்கையில் ஊரகக் கரையில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டக்கூடாத பகுதி, 2019இல் மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிக்கு அதை 50 ஆக்கினார்கள். அனுமதி கிடைக்கிறது என்பதற்காக அலை 50 மீட்டரில் நின்றுவிடாது.

கடலூர்_டு_சூரமங்கலம்:
2011 டிசம்பர் 30, தானே புயல் கரை கடந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். எங்களை அடித்தது காற்று. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. சிமென்ட் அட்டை போட்டுக் கட்டாதீர்கள். முக்கியமாக, கடலுக்கும் மனைக்கும் நடுவில் மணல்மேடும் மரமும் இருக்கிறதா பாருங்கள். சுனாமியில் பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எவ்வளவோ தப்பின.

அஸ்தம்பட்டி_அண்ணன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி படங்களை அளந்து மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மனைக்கு முன்னால் இருந்த மணல்மேட்டைப் பிளாட் போட்டவர்களே வழித்துவிட்டார்கள், பழைய படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சிதம்பரம் ரோட்டில் மேடான இடம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம், முதலில் அங்கே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.