14 வயது மருமகள் யாரோடும் பேசுவதில்லை. கட்டுப்பாட்டைக் கூட்டுவதா, குறைப்பதா?

தம்பிலுவில்_மாமா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

என் அக்காவின் மகளுக்கு 14 வயது. கிழக்கிலங்கையில், தம்பிலுவிலில் என் அம்மாவோடு இருக்கிறாள். அக்கா சில வருடங்களாகக் குவைத்தில் வீட்டு வேலை. அத்தான் கொழும்பில் மேசன் வேலை, பொங்கலுக்கும் சித்திரைக்கும் வருவார். அக்கா போனதே பிள்ளைக்கு வீடு கட்டத்தான். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருக்க வேண்டும். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் போடவில்லை.

பிள்ளை கலகலப்பானவள், வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு என்றால் அம்மம்மாவுக்கு முன்னால் வெளிக்கிட்டு நிற்பாள். இந்த வருடம் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். இரவில் நித்திரை இல்லை, எங்களோடு இருந்து சாப்பிடுவதும் இல்லை. கட்டுகிற வளவுக்குள் கால் வைப்பதில்லை. மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோ என்றால் தம்பியை அனுப்புகிறாள்.

இன்னொன்று. அக்கரைப்பற்றில் ரியூசனுக்குப் போன இடத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளையோடு நல்ல கூட்டு. பெரியபிள்ளையான பிறகு அம்மா எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார், ஊர் என்ன சொல்லும் என்று அந்த வகுப்பையும் நிறுத்தி இங்கேயே வேறு வகுப்பில் போட்டார். "தமிழ்ப் பிள்ளை, சைவப் பிள்ளை என்று சொல்லியே என்னை எல்லாத்துக்கும் மறிக்கிறீங்க" என்று ஒருநாள் கத்தினாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நம் பழக்கவழக்கத்தை இன்னும் கண்டிப்பாகப் பழக்க வேண்டும் என்கிறார் அம்மா, அவள் போக்கில் விடச் சொல்கிறார் அத்தான். தாய்மாமன் என்று இங்கே நிற்பது நான்தான். என்ன செய்யட்டும்?

களுவாஞ்சி_ரீச்சர்

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில்தான் என் மனம் நிற்கிறது. அந்த வீட்டுக்குள் அவள் போவதில்லை என்றீர்களே. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருப்பதால் இப்படியான பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். "அம்மா எனக்காகத்தான் அங்க கஷ்டப்படுறா" என்று ஒவ்வொரு கல்லும் அவளுக்குச் சொல்கிறது. நாம் அதைப் பாசமாகத்தான் சொல்கிறோம், "உனக்காகத்தான் அம்மா போனவ, படி" என்று. கேட்கிற பிள்ளைக்கு அது கடன். அடைக்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நம் பக்கத்துக் குடி முறையில், அதாவது தாய்வழியாக வரும் வம்சப் பிரிவு முறையில், பெண்பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகும் தாயும் சகோதரிகளும் பக்கத்திலேயே இருப்பார்கள், அவள் வளவில் அவளை யாரும் அதட்ட முடியாது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே தாய் கடல் கடந்து போனால் அந்தப் பலமே பாரமாகிவிடுகிறது.

பண்பாடு கூடியதா குறைந்ததா என்பதை விட, அது அவளிடம் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜீன் பின்னி என்ற உளவியலாளர் 1992இல் இளையோரின் இன அடையாளத்தை அளக்க ஒரு வினாக்கொத்து செய்தார். அதில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று, நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்ற பற்று. மற்றது, அது என்ன, ஏன் என்று தானே தேடிக் கேட்டுப் பார்ப்பது. கேட்கவே விடாமல் பற்றை மட்டும் ஊட்டினால் அது பெரியவர்களிடம் இரவல் வாங்கியதாகவே இருக்கும். உங்கள் மருமகள் கத்தினாளே, அதைக் கேள்வியாக எடுங்கள்.

அங்கேயே எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர் பிள்ளைகளிடம் 20 கேள்வி கேட்டார்கள்: அம்மா எங்கே வளர்ந்தவர் தெரியுமா, அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற மாதிரி. குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. பெருமைக் கதை மட்டும் போதாது, விழுந்ததும் எழுந்ததும் சேர்ந்த கதைதான் பிள்ளையைத் தாங்கும் என்றும் சொன்னார்கள். உங்கள் அம்மா சுனாமியைக் கண்டவர், இடம்பெயர்ந்து திரிந்தவர். அதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறாரா, இல்லை "அப்படி இருக்காத, இப்படி இருக்காத" மட்டும்தானா?

நித்திரை, சாப்பாடு இரண்டும் குழம்பி இரண்டு கிழமைக்கு மேல் போனால் காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய_வாத்தியார்

இப்படி ஆளுக்காள் இடம் கொடுத்துத்தான் பிள்ளைகள் கெட்டது. தாய் பக்கத்தில் இல்லாத பெண்பிள்ளை, அம்மம்மா இறுக்குவதில் என்ன பிழை? போனைப் பறியுங்கள், கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். எல்லாம் சரியாகும்.

அக்கரைப்பற்று_ராத்தா

வாத்தியார், இறுக்கத்தான் தொடங்கினார்கள், அதற்குப் பிறகுதானே பிள்ளை பேச்சை நிறுத்தினது?

தம்பிலுவில் தம்பி, இந்தக் கதையில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறாள். உங்கள் மருமகளின் கூட்டாளி. ஏன் திடீரென்று வரவில்லை, தான் என்ன பிழை செய்தோம் என்று அவளும் யோசித்துக்கொண்டிருப்பாள். எனக்கு இது நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு என் தங்கச்சி, அப்ப அவளுக்கு 16, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் இருக்கவில்லை என்று வந்து அழுதாள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்துப்போன குழந்தைகளை நினைத்து அழுததும் அதே பிள்ளைதான். எங்கட பெரியப்பா ஒருத்தர் "இனி நம்மட ஆக்களோட மட்டும் இரி" என்றார். அதைக் கேட்ட பிறகு அவள் இன்னும் சுருங்கிப் போனாள். மற்ற ஆள் மேல் பயத்தைப் போட்டு வளர்க்கிற இனப்பற்று பிள்ளைக்குப் பாதுகாப்புத் தராது தம்பி, அது பயத்தை மட்டும்தான் தரும். அவளை மீட்டது அவளுடைய தமிழ் ரீச்சர். தானே கோல் எடுத்து, "நாளைக்கு வகுப்பு இருக்கு, உன்ட இடம் காலியா இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

உங்கட அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். எங்களிலும் குடி தாய்வழிதான், ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை, வீடு பெண்பிள்ளைக்கு, பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காரும் குடிக்கு ஒருத்தர். எங்கட உம்மாமாரும் மகளுக்கு வீடு கட்டத்தான் சவூதி போகிறார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் ரியூசனில் பேசினது அனேகமாக இதைப் பற்றித்தான் இருக்கும்.

வந்தாறுமூலை_கம்பஸ்

அண்ணா, நான் அம்மம்மாவிடம் வளர்ந்தவன், அம்மா சவூதியில் இருந்தார். அதனால் நேரே சொல்கிறேன். வீடியோ கோலில் அம்மா கேட்பது மார்க்ஸ், காசு வந்ததா, அம்மம்மா சொல் கேட்கிறாயா, இந்த மூன்றும்தான். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, அவர் அங்கே களைத்துப்போய் இருக்கிறார் என்று விழுங்கிவிடுவேன். அக்காவிடம் சொல்லி ஒரு கோல் அவளோடு மட்டும் பேசச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். அங்கே என்ன சமைத்தார், யாருக்குக் கோபம் வந்தது, எதற்குச் சிரித்தார் என்று அவர் தன் கதையைச் சொன்னால் போதும், பிள்ளை தானாகப் பேசும்.

அப்புறம், அவளுக்கு வீட்டில் உண்மையான ஒரு பொறுப்புக் கொடுங்கள். என் மாமா வயல் செலவுக் கணக்கை என்னிடம் தந்தார். உரம், மிசின் கூலி எல்லாம் கொப்பியில் நான்தான் எழுதினேன், பிழை விட்டால் என்னிடம்தான் வருவார். இந்த வீட்டுக்கு நானும் வேண்டும் என்று அப்போதுதான் பட்டது. குளிர்த்திக்கு அவளை இழுக்க வேண்டாம். இந்த வருடம் வராவிட்டால் அம்மன் கோபிக்க மாட்டா.

தம்பிலுவில்_மாமா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவோடு பேசினேன். "உனக்காகத்தான்" என்று இனிச் சொல்ல மாட்டேன் என்றா, கொஞ்சம் அழுதா. வெள்ளிக்கிழமை அவவுக்கு லீவு, அன்றைக்கு மகளோடு தனியாகப் பேசுவா. அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ராத்தா சொன்ன குடிக் கதையைச் சொன்னேன், பதில் இல்லை, ஆனால் திட்டவும் இல்லை.

ரீச்சர், ஆஸ்பத்திரிக்கு அவளுக்குச் சொல்லாமல் கூட்டிப் போவதா, சொல்லியா?

களுவாஞ்சி_ரீச்சர்

சொல்லித்தான். "நித்திரை வருகுதில்லை என்றாயே, அதுக்கு ஒருத்தரிடம் கேட்போம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். டொக்டரோடு தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் வெளியில் இருங்கள். அந்த ரியூசன் வகுப்பையும் அடுத்த தவணைக்கு முன் திரும்பத் தொடங்கப் பாருங்கள்.