கிருஷ்ணகிரி அணை கட்டும்போது மண் சுமந்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆயா போன வாரம் காலமாகிவிட்டார். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறோம்.

முதல் பக்கத்திலேயே சிக்கல். ஆயாவின் வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறது. அது யாரோ போட்ட தேதி, விடுங்கள். அவர் சொன்ன கணக்கு வேறு: "கிருஷ்ணகிரி டேம் கட்டறப்ப உன் பெரியப்பன் இடுப்புல இருந்தான். அவனை மர நிழல்ல தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் மண்ணு சுமந்தேன்."

அணை வேலை நடந்தது 1950களில். அப்போது இது சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி, 2004இல் கிருஷ்ணகிரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று மாவட்டத்தில் குடும்பம் நடத்தியவர் ஆயா!

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த வேலைக்குப் போயிருந்தால் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். தினக்கூலி எவ்வளவு, எங்கே தங்கினார்கள், பெண்களுக்கு என்ன வேலை? பழைய போட்டோ இருந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், களி கிண்டும்போது ஆயா ஒரு பாட்டு முணுமுணுப்பார். "சாமக் கொல்லை" என்ற சொல் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி ஏதாவது பாட்டு தெரிந்தவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.