சவுக்கு அடிமரத்தில் தட்டுக்காளான்: கானோடெர்மாவா, ஃபெல்லினஸா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், பட்டுப்போன சவுக்கின் அடியில் கையகலத்துக்கு ஒரு தட்டுக்காளான். மேலே பழுப்பு, கட்டை மாதிரி இறுக்கம், அடியில் நுண்துளைகள். கானோடெர்மா, ஃபெல்லினஸ் என்ற இரண்டு பேரினங்களில் இது எது என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 1: மேல்தோல் அரக்கு பூசினது போல மின்னினால் கானோடெர்மா பக்கம் போங்க. மங்கலாக இருந்தாலும் அதை ஒதுக்கிட முடியாது, கானோடெர்மாவிலேயே அப்ளனேட்டம் என்ற இனத்தின் கூட்டம் மின்னாது. உட்சதையில் 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுங்க. சட்டென்று கறுத்தால் ஃபெல்லினஸ் குடும்பமாக இருக்கலாம். ஆனா கானோடெர்மா சதையும் கருமையாகும். இங்கேதான் பலர் ஏமாறுவது. காளானின் வித்துதான் (ஸ்போர்) தீர்ப்பு. நுண்ணோக்கியில் 1000 மடங்கில் வித்துக்கு இரட்டைச் சுவர், நுனி வெட்டினது போல இருந்தால் கானோடெர்மா. துளைச்சுவரில் கரும்பழுப்பு முள் தெரிந்தால் ஃபெல்லினஸ். முள் இல்லாத இனங்களும் உண்டு.

பதில் 2: மின்னுது என்று பார்த்ததும் ‘கானோடெர்மா லூசிடம்’ என்று உடனே எழுதிடாதீங்க. அது இங்கிலாந்து மாதிரியை வைத்து விவரித்த பெயர்; நம்மூரில் அப்படி அழைப்பது பெரும்பாலும் வேறு இனம்.

கேட்டவர்: பாலிதீன் கவரில் வைத்தேன், பூசணம் பிடித்துவிட்டது.

பதில் 2: கடற்கரை ஈரத்தில் அப்படித்தான் ஆகும். காகித உறைதான் சரி. தடித்ததைக் கீற்றாக வெட்டி 40–45 டிகிரியில் மொறமொறப்பாகும் வரை உலர்த்துங்க. பிறகு வண்டு சாக ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் வையுங்க. மரத்தின் பெயர், வேரா தண்டா, தரையிலிருந்து உயரம் எல்லாம் அங்கேயே குறிச்சுக்குங்க.