புதுப்பிப்பு: பழைய இயந்திரங்களின் கையேடுகளை மென்பொருள் முகவரிடம் ஒப்படைத்த பிறகு

எங்கள் கோவைப் பட்டறையிலுள்ள பழைய கம்ப்ரஸர்கள், உலைகள், எனர்ஜி மீட்டர்கள் ஆகியவற்றின் கையேடுகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று படித்து, மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) ரெஜிஸ்டர் அட்டவணையை, அதாவது எந்த அளவீடு கருவியின் எந்த நினைவிடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை, தானே தயாரித்து, தரவை ஓபிசி யுஏ (வெவ்வேறு கருவிகளின் தரவுக்கான பொதுத் தரநிலை) வடிவில் தர முடியுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். பெரும்பாலும் முடிகிறது, ஸ்கேன் செய்த மங்கலான பக்கங்களையும் அது பிரித்தெடுத்துவிடுகிறது.

சிக்கல், 1979-இல் வெளிவந்த மோட்பஸ் நெறிமுறையிலேயே இருக்கிறது. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருப்பது கம்பியில் 0 என்ற முகவரியாகச் செல்கிறது. ஒரு தசம எண் இரண்டு 16-பிட் ரெஜிஸ்டர்களில் அமர்ந்தாலும், அவற்றில் எது முன்னால் வரும் என்பதை நெறிமுறை வரையறுக்காததால், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வரிசை மாறுகிறது. சரியாக 415 வோல்ட் இருக்கும்போது அவ்வரிசையை மாற்றி வாசித்தால் கிடைப்பது ஏறத்தாழப் பூஜ்ஜியம். கரண்ட் போய்விட்டது என்றே திரை சொல்லும். ஆகவே, மீட்டரின் முகப்பில் தெரியும் எண்ணோடு ஒவ்வொரு மதிப்பையும் எங்கள் எலக்ட்ரீஷியன் ஒப்பிட்ட பிறகே அட்டவணையை ஏற்கிறோம்.

முகவர் இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்பிவிடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மோட்பஸில் வாசிப்புக்குரிய 03, 04 ஆகிய செயற்குறியீடுகளை (கட்டளையின் வகையைச் சொல்லும் எண்கள்) மட்டும், முகவருக்கும் இயந்திரங்களுக்கும் இடையிலுள்ள கேட்வே அனுமதிக்கிறது. எழுதுவதற்குரிய 05, 06, 15, 16 அங்கேயே தடுக்கப்படுகின்றன. எழுதாதே என்று முகவருக்கு அறிவுறுத்துவதை மட்டும் பாதுகாப்பாக நான் கருதவில்லை.

கையேடே இல்லாத ஓர் உலை மட்டும் மீதமிருக்கிறது. அதன் மின் கம்பியில் கரண்ட் சென்சார் பொருத்தவிருக்கிறோம்.