லோடரில் சுமை ஏற்றினால் பின்சக்கரம் எழும்புகிறது

வணக்கம். கொழிஞ்சாம்பாறை பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. வண்டி 27 ஹெச்பி மினி டிராக்டர், நான்கு சக்கர இயக்கம், முன்னால் லோடர் (பக்கெட்டால் அள்ளித் தூக்கும் கருவி). வாங்கி ஆறு வாரம், 38 மணி நேரம் ஓடியிருக்கிறது.

பக்கெட் நிறைய ஈரச் சாணி உரத்தோடு வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கும்போது வலது பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. போன வாரம் பிரேக் மிதித்தும் நிற்காமல் நாலடி வழுக்கியது. பிரேக் பின்சக்கரத்தில்தானே இருக்கிறது, அங்கே பாரம் இல்லாவிட்டால் எப்படிப் பிடிக்கும்? அன்றிலிருந்து மகனை வண்டியில் ஏறவே விடவில்லை.

பக்கெட்டை ஓர் அடிக்கு மேல் தூக்குவதில்லை. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, லோ கியரில்தான் இறங்குகிறேன். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியாயிற்று. கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. பின்னால் ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கனமான கருவி) மாட்டினால் வண்டி நன்றாக உட்காருகிறது, ஆனால் மர வரிசைக்குள் திரும்ப முடியவில்லை, வரப்பில் இடிக்கிறது. பாதி பக்கெட் என்றால் பிரச்சினையில்லை, அப்புறம் நடைதான் இரண்டு மடங்கு. விற்றவர்களைக் கேட்டால் பழகினால் சரியாகும் என்கிறார்கள்.

இதே அளவு வண்டியில் பின் லிப்டில் (கருவிகளை மாட்டித் தூக்கும் கைகளில்) எதிர்ப்பாரமாகக் கான்கிரீட் பெட்டி மாட்டி ஓட்டுகிறவர்கள், எத்தனை கிலோ வைத்திருக்கிறீர்கள்?